இறால் பண்ணைக்கு நோயற்ற நீர்: உப்பாற்றிலிருந்து வளர்ப்புக் குளம் வரை படிப்படியான வழிகாட்டி

நாகப்பட்டினம், மயிலாடுதுறை, கடலூர் மாவட்டங்களில் உப்பாற்றிலிருந்தோ கழிமுகத்திலிருந்தோ நீர் எடுத்து வனாமி இறால் வளர்ப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். குஞ்சுகளைப் பரிசோதித்து வாங்குவதில் காட்டும் கவனத்தைப் பலரும் நீரில் காட்டுவதில்லை. பி.சி.ஆர். (நோய்க்கிருமியின் மரபணுவைக் கண்டறியும்) பரிசோதனையில் தேறிய குஞ்சுகளை வாங்கி, பக்கத்துப் பண்ணையின் கழிவு கலந்த ஆற்று நீரில் விடுவதால் அந்தப் பரிசோதனைக்குப் பொருளே இல்லாமல் போகிறது.

நீர் வழியாக வரும் நோய்களில் முதலில் அஞ்ச வேண்டியது வெள்ளைப்புள்ளி நோய் வைரஸ். இறாலோ நண்டோ இல்லாத வெறும் நீரிலும் அது குளத்தில் குறைந்தது 3 முதல் 4 நாட்கள் வீரியத்துடன் இருக்கும். ஆய்வகத்தில் 30 டிகிரி வெப்பமுள்ள கடல்நீரில் 30 நாட்கள் வரை தாக்குப்பிடித்திருக்கிறது. அதைவிட நீண்ட காலம் அது நண்டு, காட்டு இறால், சிறு மிதவை உயிரிகள் ஆகியவற்றின் உடலில் தங்குகிறது. ஆகவே சுமப்பவற்றைத் தடுப்பது, நீரில் மிதப்பதை அழிப்பது என்று நமக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன. இவற்றை வரிசை மாற்றிச் செய்தால் இரண்டுமே வீணாகும்.

தொடங்கும் முன் கைவசம் இருக்க வேண்டியவை

ஆற்று நீரை முதலில் நிறுத்திச் சுத்தம் செய்வதற்குத் தனியான தேக்கக் குளம் ஒன்று கட்டாயம் வேண்டும். ஆற்று நீர் நேரடியாக வளர்ப்புக் குளத்துக்குள் போகும் பண்ணையில் இந்த வழிகாட்டியின் எந்தப் படியையும் முழுமையாகச் செய்ய முடியாது. மொத்த நீர்ப்பரப்பில் நான்கில் ஒரு பங்காவது தேக்கக் குளத்துக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. அந்த இடத்திலும் இறால் விடலாமே என்று நினைப்பவர்கள், ஒரு முறை குளம் முழுவதும் நோயில் போனால் ஏற்படும் இழப்பைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

இதைத் தவிர வலைப்பைகள், நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர்கள், ப்ளீச்சிங் பவுடர், குளோரின் சோதனைக்கான ஆர்த்தோடாலிடின் சொட்டு மருந்து, அமில-காரத் தன்மையை அளக்கும் பி.எச். மீட்டர், உப்புத்தன்மை பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர், ஆழம் அளக்க அடையாளமிட்ட கழி, கையுறை, முகக்கவசம், கண்ணாடி ஆகியவை வேண்டும். கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பண்ணையைப் பதிவு செய்திருக்க வேண்டும். வனாமி வளர்ப்புக்கு அந்த ஆணையம் வைக்கும் நிபந்தனைகளில் தேக்கக் குளம், வேலி, கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் குட்டை ஆகிய மூன்றும் அடங்குவதால், கீழே சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி சட்டப்படியும் செய்ய வேண்டியதே.

1. தேக்கக் குளத்தைக் காயவைத்தல்

வளர்ப்புக் குளத்தைக் காயவைப்பவர்கள்கூடத் தேக்கக் குளத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அங்கே தீவனம் போடவில்லை, இறால் விடவில்லை, அதனால் அது சுத்தமாகத்தான் இருக்கும் என்ற எண்ணமே இதற்குக் காரணம். உண்மையில் ஆற்றிலிருந்து வரும் வண்டல் முழுவதும் படிவது அங்கேதான். சென்ற பருவத்து நண்டுகள் வளை தோண்டிக் குடியிருப்பதும் அங்கேதான்.

நீரை முழுவதும் வடித்து, தரை பாளம் பாளமாக வெடிக்கும் வரை வெயிலில் விட வேண்டும். மூலையில் தேங்கும் சிறு குட்டைகளைச் சின்ன மோட்டார் வைத்து இறைத்துவிட வேண்டும், ஏனெனில் அந்த ஒரு சாண் நீரில் ஒளிந்திருக்கும் இறாலும் நண்டும் அடுத்த பருவத்துக்கு நோயைக் கொண்டுசெல்லப் போதுமானவை. கறுத்து நாற்றமடிக்கும் சேற்றை வெட்டி, கரைக்கு வெளியே தொலைவில் கொட்ட வேண்டும். கரையின் உட்சரிவில் கொட்டினால் முதல் மழையில் அது திரும்ப உள்ளே வந்துவிடும்.

சென்ற பருவத்தில் ஈ.எச்.பி. என்ற நுண் ஒட்டுண்ணியால் வரும் நோய் இருந்திருந்தால் காயவைப்பது மட்டும் போதாது. அந்த ஒட்டுண்ணியின் வித்துக்குத் தடித்த உறை உண்டு. அதற்கென்று பரிந்துரைக்கப்படும் முறை, ஹெக்டேருக்கு 6 டன் வீதம் (ஏக்கருக்கு ஏறக்குறைய இரண்டரை டன்) சுட்ட சுண்ணாம்பை இட்டு, 10 முதல் 12 சென்டிமீட்டர் ஆழத்துக்கு உழுது, பிறகு நீர் தெளித்து, மண்ணின் பி.எச். 12 வரை ஏறுகிறதா என்று பார்ப்பதாகும். இங்கே நடக்கும் பெரும்பிழை, கடையில் மலிவாகக் கிடைக்கும் விவசாயச் சுண்ணாம்புத் தூளை இடுவது. அது அரைத்த சுண்ணாம்புக்கல். எத்தனை மூட்டை கொட்டினாலும் பி.எச். அந்த அளவுக்கு ஏறாது. கையளவு தூளின் மேல் நீர் ஊற்றினால் சுட்ட சுண்ணாம்பு சீறிக் கொதித்து ஆவி விடும், சுண்ணாம்புக்கல் தூள் சும்மா நனையும். மூட்டையை இறக்குவதற்கு முன்பே, கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொண்டு, இதைச் செய்து பார்த்துவிடலாம்.

2. நீர் வருவதற்கு முன்பே வேலி

நண்டு வேலியை நீர் நிரப்பிய பிறகு கட்டுவது வழக்கமாகிவிட்டது. அப்படிக் கட்டினால் உள்ளே வந்துவிட்ட நண்டுகளுக்குத்தான் வேலி கட்டியதாக ஆகும். வழவழப்பான பிளாஸ்டிக் தாளையோ நெருங்கிய கண் உள்ள நைலான் வலையையோ அரை அடி மண்ணுக்குள் புதைத்து, ஒன்றரை அடி உயரத்துக்கு, சற்று வெளிப்புறம் சாய்த்து நட வேண்டும். வலையாக இருந்தால் அதன் மேல்விளிம்பில் பிளாஸ்டிக் பட்டை ஒன்று கட்டாயம் தைக்கப்பட வேண்டும், ஏனெனில் நண்டு வலையில் ஏறிவிடும், வழுக்கும் பரப்பில் ஏறாது.

பறவைகளுக்கான கயிறு அல்லது வலை தேக்கக் குளத்துக்கும் வேண்டும். காகமும் கடற்காக்கையும் பக்கத்துக் குளத்தில் செத்து மிதக்கும் இறாலைக் கவ்விக்கொண்டு வந்து, பறக்கும்போதே நம் குளத்தில் நழுவவிடும்.

3. நீர் எடுக்கும் நாளும் நேரமும்

ஆற்று நீர் எல்லா நேரத்திலும் ஒரே தன்மையுடன் இருப்பதில்லை. வற்றத்தின்போது, அதாவது கடல்நீர் பின்வாங்கும்போது, ஆற்றில் ஓடிவருவது, மேலே உள்ள பண்ணைகள் வெளியேற்றிய நீர். ஏற்றத்தின்போது வருவது கடலிலிருந்து ஏறும் நீர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் வலுவாக இருக்கும், கடல்நீர் உள்ளே வெகுதூரம் வரும். அந்த நாட்களில், ஏற்றம் முக்கால் பங்கு முடிந்த பிறகு மோட்டாரைப் போட்டு, வற்றம் தொடங்கும்போது நிறுத்திவிட வேண்டும். மோட்டார் ஓடும் நேரமெல்லாம் ரிஃப்ராக்டோமீட்டரில் உப்புத்தன்மையைப் பார்த்துக்கொண்டிருந்தால், அது திடீரென இறங்குவதை வைத்து நீரின் திசை மாறியதை அறியலாம்.

அதே ஆற்றில் நீர் எடுக்கும் மற்ற பண்ணையாளர்களுடன் பேசிவைத்துக்கொள்வது இந்தப் படியின் முக்கியமான பகுதி. யாருடைய குளத்திலாவது நோய் கண்டு அவசரமாக அறுவடை நடந்திருந்தால், அந்த வாரம் மதகைத் திறக்கவே கூடாது. நோயை மறைப்பது அவமானத்துக்குப் பயந்து நடக்கிறது. அதனால் யாரையும் குறைசொல்லாத, தகவலை மட்டும் பகிரும் ஒரு வாட்ஸ்அப் குழு பண்ணை வட்டாரத்துக்கு ஒன்று இருப்பது பெரும் பாதுகாப்பு. ஆற்று நண்டுகளில் சிலவற்றைப் பிடித்து வெள்ளைப்புள்ளி வைரஸுக்குப் பி.சி.ஆர். பரிசோதனைக்கு அனுப்பினாலும் ஆற்றின் நிலை தெரியும். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்திலும் நாகப்பட்டினத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்திலும் இதற்கு வழிகாட்டுதல் கேட்கலாம்.

4. வலைப்பையில் வடிகட்டுதல்

மோட்டார்க் குழாயின் வெளிவாயில், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வலைப்பைகளைக் கட்ட வேண்டும். உள்பை சற்றுப் பெரிய கண்ணுடையதாக இருந்து குப்பையையும் நெத்திலிக் குஞ்சு போன்றவற்றையும் பிடிக்கட்டும். வெளிப்பை 60 மெஷ், அதாவது ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் கண் உடையதாக இருக்கட்டும். பையின் நீளம் குறைந்தது 15 அடி இருந்தால் நீரின் வேகம் பரவி, துணி கிழியாமல் இருக்கும்.

புதியவர்கள் இங்கே தவறுவது பை வாங்குவதில் அல்ல, அதைக் கவனிப்பதில். இரவில் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறார்கள். பையில் பாசியும் சேறும் அடைத்து, அழுத்தம் ஏறி, தையல் ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளக்கிறது. காலையில் பார்க்கும்போது பையின் அடிப்பகுதி நிறைந்திருப்பதால் வடிகட்டல் நன்றாக நடந்ததாகவே தோன்றும். ஆனால் நீரில் பெரும்பகுதி அந்தப் பிளவு வழியாகத்தான் போயிருக்கும். மோட்டார் ஓடும்போது ஓர் ஆள் அருகில் இருந்து, பையைத் தட்டிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தியதும் பையைக் கழற்றி, உட்புறத்தை வெளியே திருப்பி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஊசித்துளைகூடத் தெரியும். பையில் சிக்கியவற்றை ஆற்றுக்குள்ளோ கரையிலோ உதறாமல் குழி தோண்டிப் புதைக்க வேண்டும்.

5. மூன்று நாட்கள் தேக்கிவைத்தல்

அதிகம் பேர் தவிர்க்கும் படி இது. நிரப்பிய அன்றே குளோரின் போட்டால் மூன்று நாள் மிச்சம் என்று நினைக்கிறார்கள். இரண்டு காரணங்களுக்காக அப்படிச் செய்யக் கூடாது.

ஒன்று, வண்டல். கலங்கிய நீரில் உள்ள களிமண்ணோடு ஒட்டிய மட்கும் பொருளும் பாசியும் குளோரினை முதலில் தின்றுவிடும். கிருமிக்கு மிஞ்சுவது சொற்பம். நீர் அசையாமல் நின்றால் வண்டல் அடியில் படிந்து, அதே அளவு ப்ளீச்சிங் பவுடர் இரட்டிப்பு வேலை செய்யும்.

இரண்டாவது, முட்டைகள். கால் மில்லிமீட்டர் கண்ணில் புகுந்துவரும் சிறு முட்டைகளின் உறை குளோரினை ஓரளவு தாங்கும். மூன்று நாட்களில் அவற்றில் பெரும்பாலானவை பொரித்து இளம்புழுக்களாக நீரில் நீந்தத் தொடங்கும். அந்த நிலையில் அவை குளோரினுக்கு எளிதில் மடியும். அதனால்தான் தேக்கிய பிறகு கொல்வது, கொன்ற பிறகு தேக்குவதல்ல.

இந்த மூன்று நாட்களில் ஏரேட்டர் ஓடக் கூடாது. சுண்ணாம்பும் எதுவும் இடக் கூடாது. சுண்ணாம்பு பி.எச்.ஐ உயர்த்தும், உயர்ந்த பி.எச்.இல் குளோரினின் கொல்லும் வேகம் குறையும்.

6. குளோரின் கணக்கு

ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கேட்டு வாங்கிவந்து கொட்டுவதுதான் நான் பார்த்தவற்றுள் மிகப் பரவலான பிழை. குளோரின் அளவு பரப்பைப் பொறுத்ததல்ல, கன அளவையும் பவுடரின் வீரியத்தையும் பொறுத்தது.

முதலில் ஆழம். மதகருகே அளந்தால் அங்கே ஆழம் அதிகம், கரையோரம் அளந்தால் குறைவு. குளத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்து, பத்துப் பன்னிரண்டு இடங்களில் கழியை ஊன்றிப் பார்த்து, சராசரி எடுக்க வேண்டும். பரப்பு 2,000 சதுர மீட்டர், சராசரி ஆழம் 1.5 மீட்டர் என்றால் நீரின் அளவு 3,000 கன மீட்டர்.

ஒரு பி.பி.எம். என்பது கன மீட்டருக்கு ஒரு கிராம். நமக்கு வேண்டியது 20 பி.பி.எம். வீரிய குளோரின் என்று கொண்டால், 3,000 கன மீட்டருக்கு 60 கிலோ குளோரின் வேண்டும். பவுடரில் 30 சதவீதம் வீரியம் இருந்தால் 200 கிலோ பவுடர். அதே பவுடர் கடலோரத்து ஈரக்காற்றில் கொட்டகையில் கிடந்து 20 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் 300 கிலோ. மூட்டையில் அச்சிட்டிருப்பதை நம்பி 200 கிலோ போட்டால், குளத்தில் இருப்பது 13 பி.பி.எம்.தான், கணக்கு எழுதிய நோட்டில் மட்டும் 20 இருக்கும். 65 சதவீத வீரியமுள்ள குருணை வகை வாங்கினால் ஏறக்குறைய 92 கிலோ போதும். விலை கூடினாலும் அதன் வீரியம் மெதுவாகவே குறைகிறது.

எனவே தயாரிப்பு மாதத்தைப் பார்த்து வாங்க வேண்டும், பருவத்துக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கி அடுக்கக் கூடாது. கட்டிதட்டிய, மணம் குறைந்த பவுடரை, பாதி விலைக்குக் கிடைத்தாலும், தவிர்த்துவிட வேண்டும். முடிந்தால் ஒவ்வொரு கொள்முதலிலிருந்தும் ஒரு மாதிரியை ஆய்வகத்தில் கொடுத்து வீரியத்தை அறிந்துகொள்வது நல்லது.

7. குளோரின் இடுதல்

சூரியன் சாய்ந்த பிறகுதான் இட வேண்டும். வெயிலின் புற ஊதாக்கதிர் குளோரினை வேகமாகச் சிதைத்துவிடும். காலை பத்து மணிக்கு இட்டது மாலைக்குள் பெரும்பாலும் போய்விடும். மாலையில் இட்டால் இரவு முழுவதும் அது வேலை செய்யும்.

பவுடரைப் பிளாஸ்டிக் டிரம்மில் நீர் ஊற்றிக் கரைத்து, காற்றுக்கு முதுகு காட்டி நின்று, கையுறை, முகக்கவசம், கண்ணாடி அணிந்துதான் தெளிக்க வேண்டும். டிரம்மில் அமிலமோ வேறு மருந்தோ கலக்கவே கூடாது; அமிலம் பட்டால் கிளம்பும் குளோரின் வாயு ஆளைக் கொல்லும். தொழிலாளர்கள் துண்டை மட்டும் மூக்கில் கட்டிக்கொண்டு இந்த வேலையைச் செய்வதை அனுமதிக்கக் கூடாது, அது பண்ணை உரிமையாளரின் பொறுப்பு.

ஏரேட்டர்களை இப்போது ஓடவிட்டு, அவற்றின் முன்னால் ஓடும் நீரில் கரைசலை ஊற்றினால் குளம் முழுவதும் பரவும். மூலைகள், மதகின் உட்பகுதி, கரையோர நண்டு வளைகள் ஆகியவற்றுக்குக் கையால் ஊற்ற வேண்டும். குழாய்களையும் மறக்கக் கூடாது. மோட்டாரிலிருந்து தேக்கக் குளத்துக்கு வரும் குழாயிலும், தேக்கக் குளத்திலிருந்து வளர்ப்புக் குளத்துக்குப் போகும் குழாயிலும் பழைய ஆற்று நீர் தேங்கி நிற்கும். குளோரின் கரைசலால் அவற்றைக் கழுவாமல் விட்டால், சுத்தம் செய்த நீரை முதலில் தொடுவதே அந்தத் தேங்கல்தான்.

ஒரு மணி நேரம் கலந்த பிறகு, மேல்மட்ட நீரோடு நிற்காமல், எதிரெதிர் மூலைகளில், அடிமட்டத்திலிருந்தும் நீர் எடுத்துச் சோதிக்க வேண்டும். கண்ணாடிக் குழலில் நீர் எடுத்து ஆர்த்தோடாலிடின் விட்டால், குளோரின் மிகுந்திருந்தால் ஆரஞ்சு நிறமும், குறைவாக இருந்தால் மஞ்சளும், இல்லையென்றால் நிற மாற்றமின்மையும் காணப்படும். இந்த மருந்து உடலுக்குக் கேடு விளைவிப்பது, கையில் படாமல் பயன்படுத்த வேண்டும். ஒரு மணி நேரத்திலேயே நிறம் வராவிட்டால், நீரிலுள்ள அழுக்கு எல்லாவற்றையும் தின்றுவிட்டது என்று பொருள். அன்றிரவே மேலும் குளோரின் இட வேண்டும். மறுநாள் விடியற்காலையிலும் மஞ்சள் தெரிந்தால்தான் குளோரின் இரவெல்லாம் நின்றது என்று கொள்ளலாம்.

8. குளோரின் போனதை உறுதிசெய்தல்

ஏரேட்டரும் வெயிலும் சேர்ந்து பெரும்பாலும் மூன்று நாட்களுக்குள் குளோரினை வெளியேற்றிவிடும். மேகமூட்டமான நாட்களில் கூடுதலாக ஆகும். அவசரமென்றால் சோடியம் தையோசல்பேட் இடலாம். மிஞ்சியுள்ள குளோரினின் ஒரு பங்குக்கு ஏறக்குறைய ஏழு பங்கு என்பது நடைமுறைக் கணக்கு. காத்திருக்க முடிந்தால் காத்திருப்பதே நல்லது.

ஆர்த்தோடாலிடின் சோதனையில் நிறமே வராத பிறகும், ஒரு பிளாஸ்டிக் வாளியில் அந்த நீரை எடுத்து, காற்றுக் குழாய் வைத்து, சில இறால் குஞ்சுகளை ஒரு நாள் விட்டுப் பார்ப்பது என் வழக்கம். இரண்டு சோதனைகளும் சரியென்றால்தான் மதகைத் திறக்கலாம்.

புரோபயாட்டிக்கை இந்தக் கட்டத்துக்கு முன்பே ஊற்றிவிடுகிறார்கள். விலை கொடுத்து வாங்கிய நல்ல பாக்டீரியாவையும் குளோரின் கொன்றுவிடும்.

9. வளர்ப்புக் குளத்துக்கு மாற்றி உயிர்ப்பித்தல்

குளோரின் கண்ட நீர் ஏறக்குறைய வெற்று நீர். நன்மை செய்பவையும் அதில் இல்லை. இந்த வெறுமையில் இறாலுக்கு நோய் தரும் விப்ரியோ பாக்டீரியாக்கள் மிக விரைவாகப் பெருகும். செத்த பாசியும் மிதவை உயிரிகளும் அவற்றுக்கு உணவாகின்றன. அதனால் நீரை மாற்றிய நாளிலேயே நல்ல பாக்டீரியாவை முந்திக்கொள்ளச் செய்ய வேண்டும். தவிட்டையும் வெல்லப்பாகையும் புரோபயாட்டிக்குடன் நுரைக்கும் வரை ஊறவைத்து, காலையில் தெளிப்பது எளிய வழி. நீர் வெளிர் பழுப்பாகவோ மெல்லிய பச்சையாகவோ நிறமேறும் வரை குஞ்சு விடக் கூடாது.

மாற்றும்போதும் வலைப்பை கட்ட வேண்டும். தேக்கக் குளத்தின் அடிவண்டலைக் கலக்காமல் நீரின் மேல்பகுதியிலிருந்து எடுப்பதற்காக, உறிஞ்சுகுழாயை மிதவையில் கட்டித் தொங்கவிட வேண்டும்.

10. வளர்ப்புக் காலத்தில் நீர் சேர்த்தல்

மேலே சொன்ன அனைத்தையும் பொறுமையுடன் செய்துவிட்டு, அறுபதாம் நாளில் ஒரே இரவில் எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்பவர்கள் பலர். சித்திரை, வைகாசி வெயிலில் நாளொன்றுக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் நீர் ஆவியாகும். ஏக்கருக்கு அது நாளுக்கு 20,000 லிட்டர், கசிவு தனி. நீர்மட்டம் இறங்கி, பாசி திரண்டு, இறால் தீவனத்தைக் குறைத்ததும் பதற்றத்தில் ஆற்று மதகைத் திறந்துவிடுகிறார்கள்.

இதைத் தவிர்க்க ஒரே வழி, வளர்ப்புக் குளம் நிரம்பிய மறுநாளே தேக்கக் குளத்தை மறுபடி நிரப்பி, 3 முதல் 8 வரையுள்ள படிகளைத் திரும்பச் செய்து, ஆயத்தமான நீரை எப்போதும் கையிருப்பில் வைத்திருப்பது. குஞ்சு விட்ட பிறகு ஆற்று மதகின் சாவி பண்ணைப் பொறுப்பாளர் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். மோட்டார்க் குழாயிலிருந்து வளர்ப்புக் குளத்துக்கு நேராகப் போகும் கிளைக்குழாய் இருந்தால் அதை வெட்டி அடைத்துவிடுங்கள். வழி இருந்தால் ஒரு நாள் அது பயன்படுத்தப்படும்.

பக்கத்துப் பண்ணையுடன் பொதுவான கரை இருந்தால் கசிவைக் கவனிக்க வேண்டும். அவருடைய நீர்மட்டம் நம்முடையதைவிட உயரமாக இருக்கும் நாட்களில் நம் பக்கத்துக் கரைச்சரிவு ஈரமாகத் தெரிந்தால் அங்கே களிமண் இட்டு இறுக்க வேண்டும். நண்டு வளை ஒன்று கரையைக் குடைந்து இரு குளங்களையும் இணைத்துவிடுவது அரிதல்ல. வலை, தீவனத் தட்டு, வாளி ஆகியவற்றைக் குளத்துக்குக் குளம் மாற்றாமல் தனித்தனியாக வைத்து, வாயிலில் கால் நனைக்கும் தொட்டியில் மருந்து நீரைத் தினமும் புதிதாக மாற்ற வேண்டும். வாரக்கணக்கில் மாற்றாத தொட்டியில் இருப்பது சேற்றுநீர்.

11. நோய் வந்துவிட்டால் வெளியேறும் நீர்

வெள்ளைப்புள்ளி உறுதியானதும் மதகைத் திறந்து எல்லாவற்றையும் ஆற்றில் விடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த நீரைத்தான் அடுத்த ஏற்றத்தில் பக்கத்துப் பண்ணையும், அடுத்த பருவத்தில் நாமும் எடுக்கிறோம். விற்கும் அளவு இறாலை நீரை வடிக்காமல் வலைபோட்டுப் பிடித்து, செத்தவற்றைச் சுண்ணாம்பு இட்டுப் புதைத்துவிட வேண்டும். மதகை மணல் மூட்டையால் அடைத்து, 6, 7 ஆம் படிகளில் சொன்னபடி குளத்து நீருக்குக் குளோரின் இட வேண்டும். வளர்ப்புக் குளத்தில் கழிவு மிகுதி என்பதால் அளவும் மிகுதியாகவே தேவைப்படும், சோதித்துச் சோதித்துத்தான் இட வேண்டும். குறைந்தது ஒரு வாரம் நிறுத்தி, குளோரின் முற்றிலும் போனதை உறுதிசெய்து, பிறகு கழிவுநீர்க் குட்டை வழியாக, வற்றத்தின்போது, கீழ்ப்பண்ணைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு வெளியேற்ற வேண்டும்.